மல்லாங்கிணறு: செய்தி வந்துருச்சு... புத்தகம் எப்ப வரும்?

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், பத்திரிகை அலுவலகங்களின் வாட்ஸ்அப் குரூப்புகளில் அழைப்பிதழ்கள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். 'நூல் வெளியீட்டு விழா... அனைவரும் வருக!' ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்கு முன்பே அட்டைப்பட வெளியீடு, முன்பதிவுச் சலுகை, விழா மேடை, யூடியூப் நேரலை என்று எழுத்தாளர்களும் பதிப்பகங்களும் பரபரப்பாகிவிடுவார்கள். அந்தச் செய்திகளைத் தட்டச்சு செய்து, கார்டு போட்டு, உங்கள் போனுக்கு அனுப்பிவைப்பதுதான் என்னைப் போன்ற டிஜிட்டல் டெஸ்க் ஆட்களின் வேலை.

அப்படி அனுப்பும் செய்திகளின் கடைசிப் பத்தியில் ஆசிரியர் குறிப்பு ஒன்று இருக்கும். அதில் அடிக்கடி கண்ணில் படுகிற ஊர்ப் பெயர், மல்லாங்கிணறு.

எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணன் பிறந்த ஊர் இது. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனுக்கும் இதே ஊர்தான். ஒரு சின்னப் பேரூராட்சியிலிருந்து, தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த இரண்டு எழுத்தாளர்கள்! 'அந்த ஊர்த் தண்ணியில அப்படி என்னதான் இருக்கு?' என்று கேட்கத் தோன்றும். தண்ணீரே அவ்வளவாகக் கிடைக்காத ஊர் என்பது அங்கே போனால்தான் புரியும்.

வெயில் ஊருக்கு ஒரு பஸ்

மல்லாங்கிணறு, விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் ரயில் பாதையில் விருதுநகர் ஜங்ஷனில் இறங்கி, பஸ் பிடித்தால் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம்.

விருதுநகர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காமராஜர் வரும். எண்ணெயில் பொரித்தெடுத்த பரோட்டா வரும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' வரும். நல்லெண்ணெய், வத்தல், உளுந்து, துவரை என்று இந்த ஊர்ச் சந்தை விலையைத் தமிழ்ப் பத்திரிகைகள் பல வருடங்களாகப் போட்டுக்கொண்டிருக்கின்றன. புத்தகச் செய்திக்கு ரொம்ப முன்பே, இந்தப் பக்கத்துப் பெயர் விலைப்பட்டியலாக நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது.

பஸ் ஊரைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. ரெண்டு பக்கமும் கறுத்த மண். கரிசல்! மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மக்காச்சோளம்... எல்லாமே பெரும்பாலும் வானம் பார்த்த விவசாயம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் வெள்ளாமை. இல்லாவிட்டால் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம்தான் செழிக்கும். அங்கங்கே பனை, வேம்பு, உடைமரம். நிழல் என்பது இங்கே தேடிப் போய் நிற்க வேண்டிய ஒன்று.

ஊர்ப் பெயரிலேயே கிணறு இருக்கிறது. கரிசல் காட்டில் ஒரு கிணற்றில் தண்ணீர் ஊறினால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, பகல் 12 மணிக்கு அந்த ரோட்டில் பத்து நிமிஷம் நடந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

அட்டையிலேயே இருக்கிற ஊர்

இந்த வெயிலை முழுப் பக்கங்களாக எழுதியவர் எஸ்.ராமகிருஷ்ணன். 1966-ல் இங்கே பிறந்தவர். 'எஸ்.ரா.' என்று வாசகர்கள் செல்லமாகச் சொல்வார்கள். அவருடைய 'நெடுங்குருதி' நாவலில் வேம்பலை என்று ஒரு கற்பனைக் கிராமம் வரும். அந்த ஊரில் வெயிலும் ஒரு கதாபாத்திரம் மாதிரியே நடமாடும். மல்லாங்கிணறு ரோட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றால், அது அவ்வளவு பெரிய கற்பனையாகத் தெரியாது.

எஸ்.ரா.வுக்கு 2018-ம் ஆண்டு சாகித்ய அகாடமி விருதைப் பெற்றுத்தந்த நாவல் 'சஞ்சாரம்'. கரிசல் நிலத்து நாதஸ்வரக் கலைஞர்களின் கதை. நாதஸ்வரம் என்றாலே தஞ்சாவூர்ப் பக்கம்தான் என்று நினைப்போம். ஆனால், 'கொஞ்சும் சலங்கை' படத்தில் வாசித்துப் புகழ்பெற்ற காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்தது கரிசல் சீமையான கோவில்பட்டியில்! கல்யாண வீட்டில் முதலில் கேட்பது நாதஸ்வர ஓசை. ஆனால், பந்தியில் அந்தக் கலைஞர்களுக்கு என்ன மரியாதை கிடைக்கிறது? சாதியும் வறுமையும் அவர்களை எப்படித் துரத்துகின்றன? இதைத்தான் 'சஞ்சாரம்' கேட்கிறது. இந்த மண்ணின் வலி டெல்லி வரை போய் விருது வாங்கியது.

தமிழச்சி தங்கபாண்டியனின் இயற்பெயர் சுமதி. சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தவர், 2019 முதல் தென்சென்னை நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய கவிதைத் தொகுப்புகளின் பெயர்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள்: 'எஞ்சோட்டுப் பெண்', 'வனப்பேச்சி', 'மஞ்சணத்தி', 'அவளுக்கு வெயில் என்று பெயர்'.

எஞ்சோடு என்றால் என் வயசுக்காரி, என் கூட்டாளி. பேச்சி, இந்தப் பக்கம் கும்பிடுகிற அம்மன். மஞ்சணத்தி, கரிசல் காட்டில் நிற்கிற மரம். வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புத்தகத்தைத் திறக்கவே வேண்டியதில்லை, அட்டையிலேயே ஊர் இருக்கிறது! சென்னையில் எத்தனை வருடம் வாழ்ந்தாலும், பெயர் வைக்கும்போது மனசு மல்லாங்கிணறுக்குத்தான் போகும்போல.

"மதுரைக்குல்ல போகணும் தாயி!"

இந்தப் பெருமையையெல்லாம் மனசில் சுமந்துகொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். தோளில் துண்டு, மடியில் மஞ்சப்பை.

"என்ன தாயி, யாரு வீட்டுக்குப் போகணும்?"

"யார் வீட்டுக்கும் இல்ல தாத்தா. எழுத்தாளருங்க பிறந்த ஊராச்சே, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். சென்னையில இருந்து வர்றேன்."

பெரியவர் சிரித்துவிட்டார். "நல்ல கூத்தால்ல இருக்கு! அவுகல்லாம் மெட்ராஸ்லல்ல இருக்காக. நீ அங்கிட்டிருந்து அவுகளத் தேடி இங்கிட்டு வந்திருக்க!"

"அவங்க புத்தகம் ஏதாச்சும் படிச்சிருக்கீங்களா தாத்தா?"

"பேப்பர்ல போட்டா பாப்பேன். பரிசு குடுத்தாகன்னு பெருசாப் போட்டிருந்தாகல்ல... எம் பேத்தி செல்லுல பேச்சு வச்சுக் காட்டுவா. பொஸ்தகம்னா... அது எங்கிட்டுத் தாயி கெடைக்கும்? மதுரைக்குல்ல போகணும்!"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தப் பதில் மனசுக்குள் நின்றுகொண்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சென்னையில் ஒரு மேடையில் சாயங்காலம் புத்தகம் வெளியாகிறது. ஸ்ருதி டிவி போன்ற யூடியூப் சேனல்கள் இலக்கிய விழாக்களை முழுசாகப் பதிவு செய்து போட்டுவிடுகின்றன. நாங்கள் செய்தி போடுகிறோம். அன்றைக்கு ராத்திரியே மல்லாங்கிணற்றில் ஒரு பேத்தி தாத்தாவுக்கு அதைப் போனில் காட்டிவிடுகிறாள். செய்திக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆனால், அந்தச் செய்தி எதைப் பற்றியதோ, அந்தப் புத்தகம்? யாருடைய வாழ்க்கையைப் பார்த்து எழுதினார்களோ, அவர்கள் கைக்கு அது எப்போது வரும்?

ஆறு விருதுகள்... ஒரே மண்

'இது ரெண்டு எழுத்தாளர் சமாசாரம்தானே' என்று விட்டுவிட முடியாது. கரிசல் வட்டாரத்துக்குக் கிடைத்திருக்கும் சாகித்ய அகாடமி விருதுகளைப் பாருங்கள்.

1970: கு.அழகிரிசாமி, 'அன்பளிப்பு'. 1991: கி.ராஜநாராயணன், 'கோபல்லபுரத்து மக்கள்'. 2008: மேலாண்மை பொன்னுச்சாமி, 'மின்சாரப்பூ'. 2014: பூமணி, 'அஞ்ஞாடி'. 2018: எஸ்.ராமகிருஷ்ணன், 'சஞ்சாரம்'. 2019: சோ.தர்மன், 'சூல்'.

கு.அழகிரிசாமியும் கி.ரா.வும் கோவில்பட்டி பக்கம் இடைசெவல் என்ற ஒரே கிராமத்துக்காரர்கள். மேலாண்மை பொன்னுச்சாமி இந்த விருதுநகர் மாவட்டத்து மேலாண்மறைநாட்டுக்காரர். பூமணியும் சோ.தர்மனும் கோவில்பட்டி பக்கம்தான். 2018, 2019 என்று அடுத்தடுத்த இரண்டு வருடமும் தமிழுக்கான விருது கரிசல் நாவலுக்கே போயிருக்கிறது. மழை பெய்யாத மண்ணில் கதை மட்டும் தவறாமல் விளைகிறது!

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த எழுத்தாளர்களில் பலரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவை வார இதழ்கள். கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தது. எஸ்.ரா.வின் 'துணையெழுத்து', 'கதாவிலாசம்', 'தேசாந்திரி' எல்லாம் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர்கள். புத்தகக் கடை இல்லாத ஊரிலும் சலூன் இருக்கும், டீக்கடை இருக்கும். அங்கே ஒரு வார இதழ் கிடக்கும். முடிவெட்டக் காத்திருக்கிறவர், வகுப்பு முடிந்து வந்த பையன், தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் அக்கா... யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ஒரு பிரதியைப் பத்து பேர் படித்தார்கள்.

இப்போது அந்த இடத்தில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. 'புத்தகம் வந்திருக்கு' என்ற செய்தி முன்னைவிட வேகமாக வருகிறது. ஆனால், அன்றைக்கு வார இதழோடு எழுத்தும் சேர்ந்தே வந்தது. இன்றைக்குச் செய்தி மட்டும் வருகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் பெரியவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அச்சடிக்கும் மாவட்டத்துக்கே இந்த நிலையா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாளும் மையும் இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. மல்லாங்கிணறு இருக்கும் இதே விருதுநகர் மாவட்டத்தில்தான் சிவகாசி.

1920-களில் அய்யநாடார், சண்முகநாடார் இருவரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அதற்காக வந்த அச்சகங்கள்தான் வளர்ந்து வளர்ந்து காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், பாடப்புத்தகம் என்று நாடு முழுக்க அனுப்புகிற தொழிலாகிவிட்டது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் பாருங்கள். 'சிவகாசி' என்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஆக, அச்சடிக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் இங்கிருந்து போகிறார்கள். எழுதப்படுகிற மனிதர்களும் இங்கேதான். ஆனால், புதுப் புத்தகச் சந்தை மட்டும் சென்னையில்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. தமிழில் ஒரு நாவலை முதல் பதிப்பாக 1,000, 1,200 பிரதிகள் அடித்த காலம் போய், தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் அச்சடிக்கும் 'பிரிண்ட் ஆன் டிமாண்ட்' காலம் வந்துவிட்டது. சில நூறு பிரதிகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கடைக்கு அனுப்ப எந்தப் பதிப்பகத்தால் முடியும்? கூட்டம் கூடும் புத்தகக் காட்சியில் விற்பதுதான் லாபம். 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றியே தமிழ்ப் பதிப்புலகத்தின் வருடம் சுழல்வது இதனால்தான். எஸ்.ரா.வே 'தேசாந்திரி பதிப்பகம்' என்று சொந்தமாக ஆரம்பித்துத் தன் புத்தகங்களைக் கொண்டுவருகிறார். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் மல்லாங்கிணற்றுக்கும் பார்சல் வரும்தான். ஆனால், ஒரு பெரிய நாவல் இன்றைக்கு 400, 500 ரூபாய் ஆகிறது. கூலிக்குப் போகிற வீட்டில் அந்தப் பணத்தை எடுத்து வைப்பது சின்ன விஷயமா?

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா நடத்தும் அரசின் திட்டத்தில் விருதுநகருக்கும் 2022-ல் திருவிழா வந்தது. மதுரையில் 2023 ஜூலை 15-ம் தேதி கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறக்கப்பட்டபோது பள்ளிக் கல்வித் துறை அமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு, தமிழச்சியின் தம்பி. அவருக்கும் மல்லாங்கிணறுதான்! பெரிய நூலகங்கள் வந்தது சந்தோஷம். ஆனால், திருவிழா சில நாளில் முடிந்துவிடும். மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். வருடம் முழுக்க, நடந்து போகிற தூரத்தில் புத்தகம் கிடைக்க வழி?

ரூபாய்க்கு 10 பைசா

வழி, நம் வீட்டு வரி ரசீதிலேயே இருக்கிறது!

1948-ல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் கொண்டுவந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். நூலகவியல் மேதை எஸ்.ஆர்.ரங்கநாதனின் விடாமுயற்சியும், அப்போது கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியாரின் அக்கறையும் அதற்குப் பின்னால் இருந்தன. அந்தச் சட்டப்படி, உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலக வரி. சென்னை அண்ணா நகர் பங்களாவுக்கும் இந்த வரி உண்டு, மல்லாங்கிணற்று ஓட்டு வீட்டுக்கும் உண்டு.

அதாவது, பஸ்ஸில் வந்த அந்தப் பெரியவரும் வீட்டு வரி கட்டுகிறார் என்றால், புத்தகத்துக்கும் சேர்த்தே பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். புத்தகம் அவரைத் தேடி வரவேண்டும் என்று கேட்பது சலுகை இல்லை, கட்டிய காசுக்கான உரிமை.

அதனால், அடுத்த முறை 'புதிய நாவல் வெளியானது' என்று எங்கள் செய்தி உங்கள் போனுக்கு வரும்போது, லைக் போடுவதோடு இன்னொன்றும் செய்யலாம். அந்தப் புத்தகத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, உங்கள் ஊர்க் கிளை நூலகரிடமோ ஊர்ப்புற நூலகரிடமோ கொடுங்கள். 'இது வேணும், வாங்கிப் போடுங்க' என்று கேளுங்கள். பத்து பேர் கேட்டால் அது வெறும் விருப்பம் இல்லை, கோரிக்கை. கையில் கொஞ்சம் பணம் இருந்தால், 1,000 ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆகலாம். ஒரு பிறந்தநாள் கேக் செலவுதான்!

போக நினைக்கிறவர்களுக்கு...

மல்லாங்கிணறு சுற்றுலாத் தலம் இல்லை. செல்ஃபி பாயின்ட் எதுவும் கிடையாது. எழுத்தாளர் வீடு எங்கே என்று தேடிக் கதவைத் தட்டவும் வேண்டாம். ஊரைப் பார்க்கலாம், மண்ணைப் பார்க்கலாம், பேச்சைக் கேட்கலாம். 'இருக்காக', 'வாராக', 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்று காதில் விழும்போது, படித்த கதைகளெல்லாம் எழுந்து நடமாடுகிற மாதிரி இருக்கும்.

கார்த்திகை முதல் தை வரை போனால் நல்லது. மழை பெய்திருந்தால் கரிசல் பச்சையாக இருக்கும். சித்திரை, வைகாசியில் போவதாக இருந்தால் குடை, தண்ணீர் பாட்டில் கட்டாயம். ஒரே நாளில் விருதுநகரில் காமராஜர் வாழ்ந்த வீட்டையும், ரமண மகரிஷி 1879-ல் பிறந்த திருச்சுழியையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். ராத்திரி விருதுநகர் பரோட்டாவை நான் சொல்ல வேண்டியதே இல்லை.

போகும்போது ரயிலில் படிக்க, புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு 'துணையெழுத்து'. கவிதை பிடிக்கும் என்றால் 'எஞ்சோட்டுப் பெண்'. நேரம் இருந்தால் 'சஞ்சாரம்'. குழந்தைகள் கூட வந்தால் எஸ்.ரா.வின் 'கால் முளைத்த கதைகள்'.

படித்து முடித்துவிட்டீர்களா? திரும்பி வரும்போது அந்தப் புத்தகத்தைப் பைக்குள் வைக்காதீர்கள். நூலகத்திலோ, பள்ளிக்கூடத்திலோ, டீக்கடை பெஞ்சிலோ வைத்துவிட்டு வாருங்கள். தாத்தாவுக்குச் செல்லில் வீடியோ காட்டுகிற ஏதோ ஒரு பேத்தி அதை எடுத்துப் படிப்பாள். மல்லாங்கிணற்றின் அடுத்த எழுத்தாளர் யார் என்ற செய்தியை, கொஞ்ச வருடம் கழித்து நாங்கள் போடுகிறோம்!